7. ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்

இரண்டு இயங்குதளம் கொண்ட கணினி தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புதிதல்ல. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் வழியாக மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் பதிந்தே வந்தது. பாஸ், சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கி 2007இல் வெளியிட்ட இந்திய இயங்குதளம். லேப்டாப்பைத் திறந்ததும் கருப்புத் திரையில் இரண்டு பெயர்களும் சில நொடிகள் நிற்கும். பிள்ளைகள் விண்டோஸைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். மற்றது எதற்கு என்று சொல்லித்தர ஊரில் ஆள் இருந்ததில்லை. அவ்வளவு நல்ல கருவி கைக்கு வந்தும் பயன்படாமல் கிடந்ததே என்ற வருத்தத்தில்தான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

கோடியக்கரை, அகஸ்தியன்பள்ளி, வேதாரண்யம் பக்கத்து வீடுகளில் அந்த லேப்டாப்புகள் இன்னும் பீரோ மேல் இருக்கின்றன. மூடியில் அரசு முத்திரை தேய்ந்திருக்கும், பேட்டரி செத்திருக்கும், 2 ஜிபி ராமில் விண்டோஸ் திறக்க ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் திரையும் கீபோர்டும் நன்றாகவே இருக்கும். விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்களை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் புதிய தலைமுறை பிராசஸரும் வேண்டும். பழைய லேப்டாப்பில் இரண்டும் கிடையாது. இந்த நிலையில் பலர் செய்வது ஒன்று, பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுவது. இன்னொன்று, கடைக்காரர் பேச்சைக் கேட்டு விண்டோஸை முழுதாக அழித்துவிட்டு லினக்ஸ் போடுவது. இரண்டுமே வேண்டாம் என்பேன். விண்டோஸ் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். பக்கத்தில் லினக்ஸைக் குடிவையுங்கள்.

எந்த வேலைக்கு எது

விண்டோஸை ஏன் வைத்திருக்க வேண்டும்? உப்பு வியாபாரமோ மீன் ஏலக் கணக்கோ டேலியில் இருந்தால், அது விண்டோஸில்தான் ஓடும். இ-சேவை வேலை செய்பவர்களின் கைரேகைக் கருவிகளுக்கான மென்பொருள் விண்டோஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும்தான் பெரும்பாலும் வருகிறது. பிரிண்டரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊரில் எந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனாலும் கேனன் எல்பிபி 2900 ஒன்று உட்கார்ந்திருக்கும். உறுதியான பிரிண்டர், ஆனால் லினக்ஸில் அதை ஓடவைப்பது பெரும்பாடு. ஹெச்பி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. ஹெச்பியே லினக்ஸுக்கு மென்பொருள் தருகிறது. மின்ட், உபுண்டு போன்ற லினக்ஸ் வகைகளில் அது முன்பே சேர்ந்து வரும்.

மற்றபடி வீட்டில் நடக்கும் வேலையெல்லாம் பிரவுசருக்குள் நடக்கும் வேலைதான். டிஎன்பிஎஸ்சி விண்ணப்பம், வங்கி, ரயில் டிக்கெட், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு, பட்டா பார்ப்பது எல்லாம் பயர்பாக்ஸ் இருந்தால் முடியும். கடிதமும் கணக்கும் லிப்ரே ஆஃபிஸில் எழுதலாம். அப்டேட் நின்றுபோன விண்டோஸில் வங்கிக் கணக்கைத் திறப்பதுதான் உண்மையான ஆபத்து. ஆகவே நான் சொல்லும் ஏற்பாடு இது: இணையத்தோடு தொடர்புள்ள வேலைகள் லினக்ஸில், இணையம் வேண்டாத பழைய மென்பொருள்கள் விண்டோஸில்.

எந்த லினக்ஸ் என்று கேட்டால், 4 ஜிபி ராம் இருக்கும் வீட்டுக்கு லினக்ஸ் மின்ட் என்று தயங்காமல் சொல்வேன். அதன் 22ஆம் பதிப்புக்கு 2029 வரை அப்டேட் உண்டு, விண்டோஸ் பழகிய கைக்குத் திரையும் அந்நியமாகத் தெரியாது. 2 ஜிபி மட்டும் இருந்தால் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு, லுபுண்டு, எம்எக்ஸ் லினக்ஸ் மூன்றில் ஒன்று. கையில் கொஞ்சம் காசு இருந்தால் முதலில் ராமை 4 ஜிபி ஆக்குங்கள், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடுங்கள். பத்து வருட லேப்டாப்பில் எஸ்எஸ்டி செய்யும் மாற்றத்தை வேறெந்தச் செலவும் செய்யாது.

முதலில் கரண்ட், பிறகுதான் கணினி

ஊர் தெரியாமல் எழுதிய வழிகாட்டிகள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். ஹார்ட் டிஸ்க்கைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பிரிவில் இருந்ததெல்லாம் போகக்கூடும். பேட்டரி செத்த லேப்டாப் என்றால் கரண்ட் போன நொடியே அணைந்துவிடும். எனவே யூபிஎஸ் அல்லது இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாமல் தொடங்கவே கூடாது. வீட்டில் இல்லையென்றால், இருக்கும் வீட்டுக்கு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்வாரியம் அறிவிக்கும் மின்நிறுத்த நாளைப் பார்த்து, அன்று இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில், இடி இடிக்கும் நேரத்தில் வேண்டவே வேண்டாம். மாசி, பங்குனி நல்ல காலம்.

கடலோர வீட்டுக் கணினியின் இன்னொரு எதிரி உப்புக்காற்று. சன்னலோரம் வைத்த லேப்டாப்பைக் கழற்றினால் ராம் பட்டையின் தங்க நிறப் பற்களில் மங்கலாக ஒரு படலம் தெரியும், திருகுகள் துருப்பிடித்திருக்கும். அந்த ராமுடன் இன்ஸ்டால் செய்தால் பாதியில் உறைந்து நிற்கும். நீங்கள் லினக்ஸைத் திட்டுவீர்கள். சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டு, ராமை வெளியே எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, திரும்ப அழுத்திப் பொருத்துங்கள். அதே நேரத்தில் மதர்போர்டில் காசு வடிவில் இருக்கும் சிறிய செல்லையும் பாருங்கள். பல லேப்டாப்களில் அது சிஆர்2032 வகை; ஒயரோடு வரும் செல்லாக இருந்தால் அதே அமைப்பில் கேட்டு வாங்க வேண்டும். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை சார்ஜரைக் கழற்றும்போதும் கணினியின் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடும். தேதி தவறானால் வங்கித் தளங்கள் ‘பாதுகாப்பற்ற இணைப்பு’ என்று திறக்க மறுக்கும், எந்த இயங்குதளம் முதலில் வர வேண்டும் என்ற அமைப்பும் சில கணினிகளில் அழிந்துபோகும்.

பேக்கப்: ஒரு நகல் வெளியூரில்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது கூரையோடு போனவற்றில் காகிதங்களும் கணினிகளும் உண்டு. அதைக் கண்ணால் கண்ட ஊர்க்காரர்களுக்குப் பேக்கப்பின் அருமையை நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. செய்யும் முறையை மட்டும் சொல்கிறேன். சான்றிதழ் ஸ்கேன்கள், பத்திரங்கள், கல்யாணப் படங்கள், டேலி டேட்டா ஃபோல்டர் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். நகலெடுத்ததோடு விடாமல் வேறொரு கணினியில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்தே பாருங்கள். திறக்காத நகல் நகலே அல்ல. முக்கியமானவற்றை மட்டும் இன்னொரு பென்டிரைவில் போட்டு, தஞ்சாவூரிலோ திருச்சியிலோ இருக்கும் அண்ணன், அக்கா வீட்டில் கொடுத்துவையுங்கள். லினக்ஸ் போடாவிட்டாலும் இதைச் செய்யத்தான் வேண்டும்.

விண்டோஸுக்குள் முடிக்க வேண்டியவை

விண்டோஸ் கீயுடன் ‘எக்ஸ்’ அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும். விண்டோஸ் 7இல் ‘கம்ப்யூட்டர்’ மேல் வலது கிளிக் செய்து ‘மேனேஜ்’ வழியாகப் போக வேண்டும். அங்கே உங்கள் டிஸ்க் கட்டம் கட்டமாகத் தெரியும். அரசு லேப்டாப் என்றால், டிரைவ் எழுத்து எதுவும் இல்லாமல் பெயரற்ற ஒரு கட்டம் பெரும்பாலும் இருக்கும். யாரும் தொடாத பாஸ் லினக்ஸ் அதற்குள் இருக்கக்கூடும். அதன் அளவைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். 30 ஜிபிக்கு மேல் இருந்தால் புதிய இடம் பிரிக்கவே தேவையில்லை, அதையே புது லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் விண்டோஸ் மீட்புக்காக நிறுவனம் வைத்த கட்டமும் இப்படியே எழுத்தில்லாமல் நிற்கும். எது எது என்று தெரியாமல் எதையும் அழிக்காதீர்கள்.

பழைய கணினிகளில் இன்னொரு கட்டுப்பாடு உண்டு. எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்க்கில் நான்கு முதன்மைப் பிரிவுகளுக்கு மேல் போட முடியாது. நான்கும் நிறைந்திருந்தால் எவ்வளவு இடம் காலியாக இருந்தாலும் இன்ஸ்டாலர் ‘பயன்படுத்த முடியாத இடம்’ என்றே காட்டும். அப்படியானால் ‘டி’ டிரைவில் இருப்பதை வெளியே நகலெடுத்துவிட்டு அந்தப் பிரிவைக் கொடுப்பதுதான் வழி.

புதிதாக இடம் பிரிப்பதென்றால் ‘சி’ அல்லது ‘டி’ மேல் வலது கிளிக் செய்து ‘ஷ்ரிங்க் வால்யூம்’ கொடுங்கள். அண்ணன் தம்பி பங்கு பிரித்து வரப்பு போடுவது போலத்தான். வயல் ஒன்றே, வரப்பு தாண்டி அவரவர் பயிர். மின்ட் குறைந்தது 20 ஜிபி கேட்கும். 60 முதல் 100 ஜிபி கொடுத்தால் பல வருடம் கவலையில்லை. பிரித்த இடத்தை அப்படியே காலியாக விடுங்கள், விண்டோஸில் அதற்குப் பெயர் வைக்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். விண்டோஸ் டிரைவை லினக்ஸின் கருவியாலும் சுருக்கலாம். இருந்தாலும் விண்டோஸின் இடத்தை விண்டோஸே சுருக்குவதுதான் பாதுகாப்பு.

விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அணைக்கப்பட வேண்டும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியில் அது டிக் செய்யப்பட்டிருக்கும். அது இருக்கும்வரை ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. ‘டி’ டிரைவை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. படத்தை நகலெடுக்க முடியவில்லை, கோப்பைச் சேமிக்க முடியவில்லை என்று வரும் கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு விடை இந்த ஒரு டிக்.

புது லேப்டாப் வைத்திருப்பவர்கள் பிட்லாக்கர் அல்லது ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் கட்டாயம் பாருங்கள். இயங்கினால் 48 இலக்க மீட்பு எண் ஒன்று பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதை நோட்டில் எழுதிவைத்த பிறகே மேலே போங்கள். பூட் அமைப்பு மாறியதும் விண்டோஸ் அந்த எண்ணைக் கேட்கும், இல்லையென்றால் டிஸ்க் திறக்காது. அந்தக் கட்டத்தில் யாராலும் உதவ முடியாது.

பென்டிரைவ்

மின்ட்டை நிறுவ அதன் தளத்திலிருந்து இறக்க வேண்டிய கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜிபி என்று அளந்து தரும் மொபைல் டேட்டாவில் ஒரே மூச்சில் இறங்காது. டாரன்ட் வழியாக இறக்கினால் இன்று பாதி, நாளை மீதி என்று விட்ட இடத்திலிருந்து தொடரலாம், இறங்கிய பகுதிகளை அதுவே சரிபார்த்தும் கொள்ளும். வேறு வழியில் இறக்கினால், தளத்தில் கொடுத்திருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பாதி கெட்ட கோப்பால் வீணாகும் மாலைகள் அதிகம். 8 ஜிபி பென்டிரைவ் போதும். விண்டோஸில் ரூஃபஸ் என்ற சிறிய மென்பொருள் அந்தக் கோப்பைப் பென்டிரைவில் எழுதிக் கொடுக்கும். பென்டிரைவில் முன்பு இருந்ததெல்லாம் அழியும் என்பதை மறக்க வேண்டாம்.

பென்டிரைவைச் செருகி லேப்டாப்பைத் திறந்து, லெனோவா, டெல், ஏசர் என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 அழுத்துங்கள். ஏசரில் எஃப்12 சில சமயம் அணைத்தே இருக்கும்; எஃப்2 அழுத்திப் பயாஸ் அமைப்புக்குள் போய் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். பட்டியலில் பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம், ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்ற புதிய பூட் முறையின் பெயர் இருக்கும். உங்கள் விண்டோஸ் எந்த முறையில் இருக்கிறதோ அதையே தேர்ந்தெடுங்கள். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் ‘பயாஸ் மோட்’ என்ற வரி அதைச் சொல்லும். விண்டோஸ் 7இல் அந்த வரி இருக்காது, பெரும்பாலும் பழைய முறைதான். இதை மாற்றிப் போட்டால் இரண்டும் இன்ஸ்டால் ஆகும், ஆனால் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் ஒன்றுதான் வரும்.

இன்ஸ்டால் செய்யும் முன்

மின்ட் முதலில் பென்டிரைவிலிருந்தே முழுதாக ஓடும். இந்த வாய்ப்பை விடாதீர்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, கேமரா தெரிகிறதா, திரையின் வெளிச்சம் மாறுகிறதா, பிரிண்டரைக் காண்கிறதா என்று அரை மணி நேரம் பாருங்கள். பிராட்காம் வைஃபை உள்ள சில பழைய லேப்டாப்களில் வைஃபை முதலில் தெரியாது. போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து ‘டெதரிங்’ கொடுத்தால் இணையம் வரும், டிரைவர் மேனேஜர் வைஃபைக்கு வேண்டியதை இறக்கிக்கொள்ளும். புது லேப்டாப்பில் டிஸ்க்கே தெரியவில்லை என்றால், பயாஸில் ஸ்டோரேஜ் ‘ரெய்ட்’ அல்லது ‘விஎம்டி’ முறையில் இருக்கும். அதை அவசரப்பட்டு மாற்றினால் விண்டோஸ் திறக்காது. தெரிந்தவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளில் ஒன்றே ஒன்றுதான் உயிர்நாடி. ‘எரேஸ் டிஸ்க்’ என்பதைத் தொட்டால் விண்டோஸும் கல்யாணப் படங்களும் சேர்ந்து போகும். ‘இன்ஸ்டால் அலாங்சைட்’ என்று விண்டோஸின் பெயரோடு ஒரு வரி இருந்தால் அதைக் கொடுங்கள். நீங்கள் காலியாக விட்ட இடத்தை அது எடுத்துக்கொள்ளும். பாஸ் இருந்த இடத்தைப் பயன்படுத்துவதென்றால் ‘சம்திங் எல்ஸ்’ போய், குறித்துவைத்த அளவோடு பொருந்தும் லினக்ஸின் ஈஎக்ஸ்டி வகைப் பிரிவைத் தேர்ந்தெடுத்து, ஈஎக்ஸ்டி4 என்று கொடுத்து, ஒற்றைச் சாய்கோட்டை மவுன்ட் பாயின்ட்டாக வைத்து, ஃபார்மட் டிக் போடுங்கள். என்டிஎஃப்எஸ் என்று எழுதியிருப்பவை விண்டோஸின் பிரிவுகள், அவை எதன் மேலும் டிக் விழக் கூடாது. கடைசியில் என்னென்ன மாறப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும். அதை வாய்விட்டுப் படியுங்கள், பக்கத்தில் இருப்பவரையும் படிக்கச் சொல்லுங்கள். இடத்தைக் ‘கொல்கத்தா’ என்று கொடுப்பதே இந்திய நேரம்.

முடிந்து திரும்பத் திறந்தால் கிரப் என்ற பட்டியலில் இரண்டு பெயர்களும் நிற்கும். ஒருமுறை விண்டோஸுக்குள் போய், எல்லாம் பழையபடி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் தள்ளிக் காட்டினால் பயப்பட வேண்டாம். கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தை விண்டோஸ் இந்திய நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொதுநேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது அது. லினக்ஸ் டெர்மினலில் ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்துவிடும், பின்னிணைப்பில் இருக்கிறது.

இரண்டிலும் ஒரே தமிழ்

ஒரு இயங்குதளத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் தட்டச்சு செய்ய நேர்ந்தால் ஒரு வாரத்தில் லினக்ஸை வெறுத்துவிடுவீர்கள். அதனால் இரண்டிலும் தமிழ்99 அமையுங்கள். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. விண்டோஸ் 10இல் 2019ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து உள்ளேயே வருகிறது; அதற்கு முந்தைய விண்டோஸுக்கு என்எச்எம் ரைட்டர் போதும். மின்ட்டில் ‘இன்புட் மெத்தட்’ பகுதியில் ஐபஸ் நிறுவி, எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் பட்டியலில் தமிழ்99 கிடைக்கும்.

பழைய கோப்புகள்தான் சிக்கல். கோயில் திருவிழா நோட்டீஸ், சங்கக் கணக்கு, பள்ளி வினாத்தாள் எல்லாம் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்தவையாக இருக்கும். லினக்ஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் கொட்டும். கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துரு மட்டும் அங்கே இல்லை. விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து அதைப் பென்டிரைவில் எடுத்து, மின்ட்டில் இரண்டு முறை கிளிக் செய்து நிறுவினால் பழையபடி தெரியும். 2010 ஜூனிலேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டதால், இனி அடிக்கும் எதையும் யூனிகோடிலேயே அடியுங்கள், போனிலும் திறக்கும். மேலும் படிக்க, 2012 முதல் தமிழிலேயே கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவரும் கணியம் இதழ் இருக்கிறது.

பின்னாளில் வரும் இரண்டு சிக்கல்

ஒரு நாள் திடீரென்று கிரப் பட்டியல் வராமல் நேராக விண்டோஸ் திறக்கும். பெரும்பாலும் விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வரிசையை மாற்றியிருக்கும். லினக்ஸ் அப்படியே இருக்கிறது. பயாஸுக்குள் போய் பூட் வரிசையில் ‘உபுண்டு’ என்பதை மேலே ஏற்றுங்கள். மின்ட் போட்டிருந்தாலும் அங்கே உபுண்டு என்றுதான் காட்டும், தேடித் தவிக்க வேண்டாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கும் கணினிகளில் பல லினக்ஸ்களைத் திறக்கவே விடாமல் செய்தது. அப்போது பலருக்குக் கைகொடுத்த வழி, செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸைத் திறந்து, அதன் அப்டேட்களை முடித்துவிட்டுத் திரும்ப இயக்குவது. இப்படியும் லினக்ஸ் திறக்காத நாளுக்காகத்தான் இன்ஸ்டால் செய்த பென்டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிவிடாமல் பத்திரமாக வைத்திருக்கச் சொல்கிறேன்.

மற்றது, லினக்ஸ் வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் செய்வது. விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட் போய் லினக்ஸ் பிரிவை நேராக அழித்துவிடுவார்கள். மறுமுறை திறக்கும்போது ‘கிரப்’ என்று ஒரு சொல்லும் மினுக்கும் கோடும் மட்டும் நிற்கும், விண்டோஸும் வராது. அழிக்கும் முன்பே விண்டோஸ் பூட் ஆகும் வழியைச் சரிசெய்ய வேண்டும்: யூஈஎஃப்ஐ கணினியில் பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜரை’ முதலில் ஏற்றுவது, பழைய முறைக் கணினியில் விண்டோஸ் மீட்பு டிஸ்க்கால் பூட் பகுதியைத் திரும்ப எழுதுவது. பட்டியல் இல்லாமல் விண்டோஸ் தானாகத் திறக்கிறது என்று பார்த்த பிறகு லினக்ஸ் பிரிவை அழித்து, அந்த இடத்தைப் பக்கத்து டிரைவோடு சேர்த்துக்கொள்ளலாம்.